எலிகளுக்குப் பிறகு என் முறை

தம்பி,

நான் சுகம் என்று தொடங்கினால் நீ நம்பப் போவதில்லை. சுகமில்லை என்று தொடங்கினால் எலிகளை அப்படியே போட்டுவிட்டு அடுத்த பிளேனில் ஏறிவிடுவாய். ஆகவே கடிதத்தின் தலையில் வழக்கமாக வைக்கிற அந்த வரியை இந்த முறை விட்டுவிட்டேன். நான் கோபமாக இருக்கிறேன் என்பதை மட்டும் முதலிலேயே சொல்லி வைக்கிறேன். பெற்ற பாசம் குறைந்து வந்த கோபம் இல்லை இது. நீ அனுப்பிய பொதியைப் பிரித்த நிமிடத்தில் வந்த கோபம், இன்னும் இறங்கவில்லை.

இதை நான் கையால் எழுதவில்லை. விரல்கள் பேனையைப் பிடித்திருக்கின்றனவா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. நான் சொல்லச் சொல்லத் தானாக எழுதுகிற ஒரு ஏற்பாட்டைத் துளசி என் போனில் போட்டுத் தந்திருக்கிறாள். நீ கட்டப் போகிற பெண் கெட்டிக்காரி. ஆனால் அந்தப் போனுக்கு எங்கள் வெள்ளவத்தைப் பேச்சுப் பிடிபடுவதில்லை. "கதைக்கிறன்" என்றால் "கதை கிரகம்" என்று போடுகிறது. அதனால் வானொலியில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி நிமிர்ந்து இருந்துகொண்டு, சொல்லுக்குச் சொல் திருத்தமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன் அப்பா எதிர்க் கதிரையில் இருந்து சிரிக்கிறார். சிரிக்கட்டும். முடிந்ததும் இதைக் குடும்பக் குறூப்பிலேயே போடப் போகிறேன். உன் மருந்துக் கதை அங்கேதான் பரவியது, பதிலும் அங்கேயே கிடக்கட்டும். உன் பெரியம்மா கட்டாயம் வாசிக்க வேண்டும்.

துளசியின் மாமா ரொறொன்ரோவிலிருந்து கொண்டுவந்த பொதிக்குள் சொக்லேட் இருந்தது, எனக்கொரு சேலை இருந்தது, சேலைக்குள் சுற்றி ஒரு வெள்ளைப் போத்தலும் இருந்தது. நீ உன் லாப்பில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்கிற அதே சாமான் என்று பெயரைப் பார்த்ததும் தெரிந்தது. அன்று பின்னேரமே போனில் உன் குரல் வந்தது. "அம்மா, இது மருந்தில்லை, வெறும் சத்துத்தான். ஒண்டும் செய்யாது. கலியாணத்துக்கு முன்னம் எடுத்துப் பாருங்கோ." அதோடு விட்டாயா? "கலியாணத்தண்டு என்ர தலையில பாலறுகு வைக்கேக்க பெரியம்மா வைக்கட்டும் அம்மா. நீங்கள் முன்னால கதிரையில இருந்து பாருங்கோ, உங்களுக்கேன் கரைச்சல்" என்றும் சொன்னாய். ஒரே மூச்சில் இரண்டையும் சொன்னாய். கை சரிவர ஒரு போத்தல், சரிவராவிட்டால் ஒரு கதிரை. நான் போனை வைத்துவிட்டேன். லைன் வெட்டுப்பட்டது என்று நீ நினைத்திருப்பாய். வெட்டுப்படவில்லை.

என் உடம்புக்கு வந்த இந்த வருத்தம், இந்த நோய், என்ன என்று எனக்கு விளங்கப்படுத்தியதே நீதான், நினைவிருக்கிறதா? கிளினிக்கில் டொக்டர் இங்கிலிஷிலும் சிங்களத்திலும் சொன்னது எனக்குப் பாதிதான் விளங்கியது. நீ அப்போது ஏ எல் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். வரும் வழியில், காலி வீதி நெரிசலில் ஓட்டோ நகராமல் நின்றபோது, உன் தொடையில் விரலால் கோடு கீறிச் சொன்னாய். "வயருக்கு மேல பிளாஸ்ரிக் இருக்கெல்லோ அம்மா, அது மாதிரி நரம்புக்கு மேல ஒரு உறை இருக்கு. மயலின் எண்டு பேர். உங்கட உடம்பே அதை அரிக்குது. அதுதான் மூளை சொல்லுறது கைக்கு ஒழுங்காப் போய்ச் சேருதில்லை." எலி வயரைக் கடிக்கிற மாதிரியா என்று கேட்டேன். "ஓம், அப்பிடித்தான்" என்றாய். அழ வேண்டிய நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. எனக்குள்ளேயே ஒரு எலி இருக்கிறது என்று வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அந்த ஓட்டோவுக்குள்தான் உன் படிப்பு எதுவென்று தீர்மானமானது என்று நான் நினைக்கிறேன். நீ இல்லை என்பாய். சொல்லிக்கொண்டிரு.

பிறகு நீ ரொறொன்ரோ போனாய், படித்தாய், இப்போது நரம்பின் உறை பழுதாகிப் பிறக்கிற சுண்டெலிகளோடு வேலை செய்கிறாய். சாப்பாட்டில் ஒரு சத்தைக் கலந்து கொடுத்ததில் அவற்றில் சில கொஞ்சம் நன்றாக நடக்கிற மாதிரித் தெரிகிறது என்று ஒரு நாள் போனில் சொன்னாய். உன் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஆனால் அடுத்த மூச்சிலேயே நீயே அடக்கினாய். "எலி வேற, மனிசர் வேற அம்மா. அதுகளுக்குப் பிறப்பிலேயே பிழை. உங்கட வருத்தம் வேற மாதிரி. எலியில சரிவந்து மனிசரில சரிவராமப் போனது எத்தினையோ இருக்கு. ஒருத்தரிட்டையும் சொல்லிப்போடாதேங்கோ." நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னது நீ. ஞாயிற்றுக்கிழமை அங்கே பெரியம்மா வீட்டில் ஆட்டுக்கறியும் புட்டும் சாப்பிட்டுக்கொண்டு, வாய் நிறைய வைத்துக்கொண்டு சொன்னாயாம். என் அக்கா காதில் எலி விழவில்லை. மற்றதெல்லாம் விழுந்தது. நீ கை கழுவி முடிப்பதற்குள் குறூப்பில் செய்தி வந்துவிட்டது, "எங்கட பெடியன் தாயின்ர வருத்தத்துக்கு மருந்து கண்டுபிடிச்சிட்டான்" என்று. கீழே கைகூப்பிய படங்கள், பூங்கொத்துகள். லண்டன் மாமா வாழ்த்துப் பாட்டு ஒன்றையே பாடி அனுப்பினார். எலி என்ற சொல்லை ஒருவரும் எழுதவில்லை. நான்தான் எழுதினேன். "அக்கா, அது எலிக்கு" என்று போட்டேன். அதற்கு அக்கா அழைத்துச் சொன்ன பதிலை நீ அறிய வேண்டும். "எலிக்கே வேலை செய்யுதெண்டால் மனிசருக்குச் செய்யாதோடி?"

இந்த வீட்டில் எலிக்குச் சாப்பாட்டில் கலந்து கொடுத்த சாமான் ஒன்றே ஒன்றுதான், அக்கா, அதுவும் நன்றாகத்தான் வேலை செய்தது என்றேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றிலிருந்து வந்த போத்தல்களை நீ வந்து பார்க்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வெள்ளவத்தைக்கு வருகிற ஒவ்வொருவரும் எனக்கென்று ஒன்றைக் கொண்டுவருகிறார்கள். மீனெண்ணெய்க் குளிசை, மஞ்சள் குளிசை, பச்சைப் பாசியில் செய்த தூள். எல்லோரும் ஒரே வசனத்தைத்தான் சொல்கிறார்கள், "மருந்தில்லை, சத்து." இந்தச் சொல்லில்தான் எங்கள் சனம் விழுகிறது, தம்பி. மருந்து என்றால் பயப்படுவார்கள், எத்தனை என்று கேட்பார்கள், சாப்பாட்டுக்கு முன்னோ பின்னோ என்று கேட்பார்கள். சத்து என்றால் அள்ளிக் கொடுப்பார்கள். சத்து வேண்டாம் என்கிறவளைத் திமிர் பிடித்தவள் என்பார்கள். உடம்புக்குள் போய் ஒன்றைச் செய்யும் என்று நம்பித்தானே தருகிறீர்கள்? ஒன்றைச் செய்யக்கூடியது இன்னொன்றைச் செய்யாது என்று யார் சொன்னது?

அந்தத் தைரொயிட் கதையை நீ மறந்திருக்க முடியாது. பெரியம்மா முடிக்கும் நகத்துக்கும் நல்லது என்று தந்த விற்றமினை அப்பா எனக்கு ஒழுங்காகத் தந்துகொண்டிருந்தார். கிளினிக்கில் இரத்தம் எடுத்தார்கள். தைரொயிட் கூடிப்போய்க் கிடக்கிறது என்று அறிக்கை வந்தது. இதென்ன புதிதாக இன்னொரு வருத்தம் என்று நான் உடைந்துபோய் இருந்தேன். அந்த இளம் டொக்டர்ப் பிள்ளைக்கு மட்டும் ஏதோ இடித்தது. "வென பெஹெத் மொனவத் கன்னவாத அம்மே?" என்று கேட்டாள், வேறு மருந்து ஏதும் எடுக்கிறீர்களா என்று. அப்பா எனக்கு முதல் பாய்ந்து, "நேஹே டொக்டர்" என்று மறுத்தார். அவள் விடவில்லை. "விடமின் எஹெம?" என்றாள், விற்றமின் மாதிரி ஏதும் என்று. "ஆ, விடமின்! ஏக பெஹெத் நெவெய் நே டொக்டர்" என்றார் உன் அப்பா, அது மருந்தில்லையே என்று, ஒரு குழந்தைக்குச் சொல்லுகிற மாதிரி. அவள் பேனையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அந்த விற்றமின் பரிசோதனையையே குழப்பிவிடும் என்றாள். நிறுத்தி, திரும்ப இரத்தம் எடுத்துப் பார்த்தால் எனக்கு ஒரு தைரொயிட்டும் இல்லை. இல்லாத வருத்தத்துக்குக் குளிசை தொடங்க இருந்தார்கள். இதை அன்று போனில் சொன்னபோது நீ துள்ளினாய். "அம்மா, சத்தும் மருந்துதான்! டொக்டர் கேட்டால் எல்லாத்தையும் சொல்லோணும்!" என்று கத்தினாய். அப்படிக் கத்திய அதே வாயால்தான் போன கிழமை "வெறும் சத்துத்தான்" என்றாய். அந்தச் சொல் பெரியம்மா வாயில் வந்தால் நான் சிரித்துவிட்டுப் போவேன். உன் வாயில் வந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஏன் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். நீ வந்து இறங்கும்போது நான் பிடித்து நடக்கிற வோக்கர் இல்லாமல் நிற்க வேண்டும் என்று உனக்கு ஆசை. எனக்கு அந்த ஆசை இல்லை என்றா நினைக்கிறாய்? குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆசைதான். ஆனால் இந்த வருத்தத்தோடு குடித்தனம் செய்கிறவள் நான். அது தானாக ஏறும், தானாக இறங்கும், எங்கள் மாடிவீட்டு லிப்ட் மாதிரி, யார் பட்டனை அமத்தினார்கள் என்று தெரியாது. போன முறை மழை ஓய்ந்த கையோடு எனக்கு நல்ல காலம் ஒன்று வந்ததே. ஊன்றுகிற பொல்லுகூட இல்லாமல் ஒழுங்கையால் இறங்கி, தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் நின்று கடலைப் பார்த்துவிட்டு வந்தேன். தன் மீனெண்ணெய்தான் காரணம் என்றாள் அக்கா. கொட்டாஞ்சேனைக் கோயிலில் தான் வைத்த நேர்த்திக்கடன் என்றார் கீழ்வீட்டு மாமி. தான் காலுக்குத் தேய்த்த எண்ணெய் என்று அப்பா வாயால் சொல்லவில்லை, முகத்தால் சொன்னார். எல்லோருக்கும் நன்றி சொன்னேன். பிறகு ஒரு காலை எழும்பப் பார்க்கிறேன், இடது கால் எங்கே கிடக்கிறது என்றே தெரியவில்லை. அன்றைக்குப் பொறுப்பு ஏற்க ஒருவரையும் காணவில்லை.

நீயே சொல்லு. எந்த எலி எதைத் தின்றது என்று தெரியாதவர்தான் அதன் நடையைப் பார்த்து எழுத வேண்டும் என்று நீதானே எனக்குச் சொல்லித் தந்தாய்? தெரிந்தவர் பார்த்தால் ஆசை கண்ணை மறைத்துவிடும் என்றாய். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது, இப்படி ஒரு நேர்மையான தொழிலுக்குப் பிள்ளையை அனுப்பியிருக்கிறோம் என்று பெருமையாக இருந்தது. இப்போது என் நடையைப் பார்க்கப் போகிறவர் யார்? நீ. நான் எதைத் தின்றேன் என்று தெரிந்தவனும் நீ. நான் ஒரு அடியைக் கொஞ்சம் நேராக வைத்தால் உன் கண் கலங்கும். திரும்பிப் போய் அந்தக் கலங்கிய கண்ணோடு எலிகளைப் பார்ப்பாய். அம்மாவுக்கு வேலை செய்ததே என்ற நினைப்பு உன்னைப் பிடித்துக்கொள்ளும். நான் ஒரு அடி பிசகி விழுந்தால் இன்னும் மோசம், உன் போத்தலால் விழுந்தேனோ என்று வாழ்நாள் முழுக்க உன்னை நீயே தின்பாய். இரண்டுக்கும் நான் ஆளில்லை.

ஆகவே போத்தலைத் திறக்கவில்லை. நீ வரும்போது உன் கையிலேயே தருவேன், கொண்டுபோய் எலிகளுக்குக் கொடு. அதற்காக அந்தச் சாமானை நான் வெறுக்கிறேன் என்று எண்ணாதே. அது வேலை செய்ய வேண்டும் என்று இந்தக் குறூப்பில் இருக்கிற எல்லோரையும்விட எனக்குத்தான் ஆசை. ஒழுங்காகச் செய்து முடி. எலிகளில் முடித்து, அதற்குப் பிறகு செய்ய வேண்டியதையெல்லாம் முடித்து, எங்களைப் போன்ற ஆட்களைத் தேடுகிற நாள் வந்தால், என் வருத்தத்துக்கும் அது பொருந்தும் என்று கண்டால், அன்று முதல் பெயராக என் பெயரை எழுது. எனக்குச் சத்து கிடைக்குமா வெறும் மாவுக் குளிசை கிடைக்குமா என்று தெரியாமலே விழுங்குவேன், முகம் சுழிக்க மாட்டேன். வரிசையில் நிற்கச் சொன்னால் நிற்பேன். நிற்க முடியாவிட்டால் கதிரை போட்டு வரிசையில் இருப்பேன். எலிகளுக்குப் பிறகு என் முறை. அதற்கு முன்னால் களவாக உள்ளே போக மாட்டேன், உன் கலியாணமே என்றாலும்.

இனிப் பாலறுகு. நீ கதிரை என்று சொன்ன பிறகு அக்காவும் அழைத்தாள். "கோவிக்காதையடி. உன்ர கை நடுங்கிப் பால் சிந்தினால் சகுனப் பிழை. வீடியோ வேற எடுக்கினம். நாலு சனம் பாக்கிற இடம்" என்றாள். நான் கேட்டேன், "தைப்பொங்கலுக்குப் பால் பொங்கி வழிஞ்சு அடுப்பெல்லாம் ஓடினால் கைதட்டிறியள், வெடி கொளுத்திறியள். அது நல்ல சகுனம். என்ர கையில இருந்து வழிஞ்சால் மட்டும் பிழையோ அக்கா?" "உன்னோட கதைச்சு வெல்லேலாது" என்று போனை வைத்துவிட்டாள். வெல்வதற்காக நான் கதைக்கவில்லை. மாப்பிள்ளையைப் பலகையில் இருத்தி, பாலில் தோய்த்த அறுகைப் பெற்றவர்கள் இரண்டு கையாலும் அள்ளித் தலையில் வைக்கிறது எங்கள் வழக்கம். பெற்றவள் என்றுதான் வழக்கம் கேட்கிறது, கை நடுங்காதவள் என்று எங்கேயும் கேட்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நானும் அப்பாவும் ஒத்திகை பார்த்தோம். சந்தையில் அறுகு வாங்கி, கிண்ணத்தில் பால் விட்டு, வழக்கப்படி சில்லறையும் போட்டு, அப்பாவை உடுத்த சாறத்தோடு குசினிப் பலகையில் இருத்தினேன். நான் கதிரையில் இருந்துகொண்டு குனிந்து அள்ளினேன். முதல் முறை அறுகு கிண்ணத்திலேயே நின்றுவிட்டது, வெறும் கையைத்தான் தலையில் வைத்திருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. அப்பாதான், "இஞ்சரும், ஒண்டும் வரேல்லை" என்றார். அடுத்த முறை பால் முழுவதும் அவர் காதுக்குள். காசு உருண்டு பிரிட்ஜுக்குக் கீழே போய்விட்டது. "எறும்பு வரப்போகுது எனக்கு" என்று கத்தினார். நான் அழத் தொடங்கினேன், அதையும் மறைக்கவில்லை. அவர் பால் ஒழுகிய முகத்தோடு திரும்பிப் பார்த்து, "ஏன் நிப்பாட்டினனீர்? இன்னொருக்கா வையும்" என்றார். பிறகும் வைத்தேன். விரல்களைப் பார்த்துக்கொண்டே, இப்போது மூடு, இப்போது தூக்கு என்று அவற்றுக்குச் சொல்லிச் சொல்லிச் செய்தால், பாதி தலைக்குப் போகிறது. மீதி எங்கே போகும் என்று சொல்ல முடியாது. அப்பாவின் தலை இப்போது தினமும் பால் மணக்கிறது. இது எதற்கும் மருந்தில்லை, நடுக்கம் குறையவும் இல்லை. எனக்கு எப்படி வைப்பது என்று தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

துளசியிடம் சொன்னேன், கலியாணப் படத்தில் என் வோக்கர் இருக்கும் என்று. "அதுக்கும் ஒரு பூச்சரம் சுத்துவம் மாமி" என்றாள். அந்தப் பிள்ளையைக் கவனமாக வைத்துக்கொள். நாளைக்கு அவளுக்கு ஒரு தலையிடி வந்தாலும் உன் அலுமாரியிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டாதே, முதலில் பக்கத்தில் இரு. வருத்தக்காரருக்கு வீட்டில் டொக்டர் தேவையில்லை. கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொருக்கா வையும் என்று சொல்ல ஒரு ஆள் இருந்தால் போதும்.

ஆகவே அன்று காலை நீ கிழக்கே பார்த்துப் பலகையில் இரு. பெரியம்மா எனக்குப் பிறகு வைக்கட்டும், அவளும் உன்னை வளர்த்தவள்தான். நான் வரும்போது ஒருவரும் ஓடிவந்து என் கையைப் பிடிக்கக் கூடாது, முக்கியமாக நீ. அறுகு உன் தலையில் நிற்கலாம், தோளில் விழலாம், பட்டு வேட்டியில் பால் ஓடலாம். வீடியோக்காரன் எடுக்கட்டும். என் விரல்களுக்கு உன் தலை எங்கே என்று தெரியாது, தம்பி. எனக்குத் தெரியும். நீ கண்ணை மூடிக்கொண்டு குனிந்தால் போதும்.

அம்மா